சரசரப்புக்கு ஒரு மென்பொருள்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைச் சேலைக் கடைகளுக்கு ரீல்ஸ் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்கும் என் தோழிக்கும் தொழில். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். கேமரா அவள் கையில், சத்தம் என் கையில். கடைக்குள் எடுக்கும் வீடியோவில் ஃபேன் இரைச்சலும் தெருவில் போகும் வண்டிகளும்தான் கேட்கும். அவற்றை நீக்கிவிட்டு, வளையல் உரசுவது, அட்டைப்பெட்டி திறப்பது, சேலை மடிப்பு விரிவது என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்து ஒட்டுவேன். பட்டின் சரசரப்பைப் பார்க்கிறவரின் காதருகே கொண்டு போய்விட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது என் எண்ணம்.

ஒரு கடையின் ஆடித் தள்ளுபடிக்காக எடுத்த வீடியோ வெளியான அன்று கடைக்காரர் போன் செய்தார்.

“ஏனுங்க, சீலையை விரிச்சா பாம்பு சீறுறாப்புல இருக்குதுங்க. காதைக் கிழிக்குதுனு கீழ எழுதியிருக்காங்க, பாத்தீங்களா?”

பார்த்தேன். நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். வீடியோவை மறுபடி போட்டுக் கேட்டேன். எனக்கு எந்தச் சீறலும் கேட்கவில்லை. சொல்லப்போனால், சரசரப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. போனில் இருந்த எடிட்டிங் ஆப்தான் எதையோ கெடுக்கிறது என்று முடிவு கட்டி, லேப்டாப்புக்கு ஒரு நல்ல ஒலி மென்பொருள் வாங்கிவிடலாம் என்றேன். தோழியும் ஆப்தான் காரணம் என்று நினைத்துச் சரியென்றாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்களுக்கு ஒரு மாடி அறை உண்டு. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு மென்பொருளாக இறக்கிப் பார்த்தோம். முதலாவது, இரைச்சலைத் தானே நீக்கித் தந்தது. ஆனால் பட்டுச் சரசரப்பையும் இரைச்சல் என்று நினைத்துச் சேர்த்துத் துடைத்துவிட்டது. அடுத்ததில் ஆயத்த ஒலிகள் குவிந்து கிடந்தன. இடிக்கும் மழைக்கும் அது போதும், சேலைக்கு உதவாது. கடைசியாகப் போட்டது சத்தத்தைப் படமாகவே காட்டியது. தடித்த ஒலிகள் திரையின் அடியில், மெல்லிய கூரான ஒலிகள் மேலே. சத்தம் கூடக்கூட மஞ்சள் ஏறும்.

அந்த ஆடி வீடியோவின் ஒலியை அதில் போட்டேன். தோழி திரையருகே குனிந்தாள்.

“என்னடி இது? மேல பூராவும் எரியுது!”

மேல்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டாள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

“போடு,” என்றேன்.

“ஓடிட்டுத்தான் இருக்குது.”

ஒயர் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் செருகியிருந்தது. அவள் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்த மறுகணம் பிடுங்கி மேசையில் போட்டாள்.

“ஏய், விளையாடாத. உனக்கு நெசமாவே இது கேக்கலையா?”

நான் சிரிக்க முயன்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. மேசையில் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து வந்த சத்தம், அது காதில் இல்லாதபோதும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சோதனை செய்த பெண் இன்னும் விசைகளைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மருத்துவர் தாளைப் பார்த்ததும் கேட்டார். “வீட்டுல தறி ஓடுதா?”

“பொறந்ததுல இருந்துங்க, சார். கல்யாணம் வரைக்கும் தறிச் சத்தத்துலதான் தூங்குவேன்.”

“மேல் சுருதி ரெண்டு காதுலயும் போயிருக்கு. போனது வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்.”

சத்தத்தை வைத்துச் சம்பாதிப்பவள் நான். எனக்குக் கேட்காததால்தான் சரசரப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். வெளியே வந்து தோழியின் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றபோது கேட்டேன், “பட்டு நெசமா எப்படிக் கேக்கும்?” அவள் யோசித்துவிட்டு, “பொடி மணலை அள்ளித் தாள் மேல தூவுனா வருமே, அப்படி,” என்றாள். அந்தச் சத்தமும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டு விசைத்தறிகளை இப்போதும் அவன்தான் ஓட்டுகிறான். கரண்ட் போயிருந்ததால் தறிக்கூடம் அமைதியாக இருந்தது. போனில் அந்தக் கூரான ஒலியைப் போட்டு அவன் முன்னால் நீட்டினேன்.

“என்ன பாப்பா, ஒண்ணும் வரலையே? போன் கெட்டுப் போச்சா?”

அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வந்தாள். நாமக்கல் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து போன வருசம்தான் கல்யாணமாகி வந்தவள்.

“ஐயோ, அதென்னங்க அம்மிணி? கீச்சுனு காதைக் குடையுது, நிறுத்துங்க!”

அண்ணன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். போனை என் கையிலிருந்து வாங்கித் தன் காதோடு அழுத்திக்கொண்டான். அண்ணி கைகளால் காதைப் பொத்தியபடி நின்றாள். அவன் அப்படியே வெகுநேரம் கேட்க முயன்றான். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு, தறியில் சாய்ந்து நின்று, “எனக்குமா?” என்றான். அதுவரை அழாமல் இருந்த நான் அங்கேதான் அழுதேன்.

நாங்கள் வாங்கியது அந்தப் படம் காட்டும் மென்பொருளைத்தான். மஞ்சளை வைத்து அளவு பார்க்கிறேன், மேல்பகுதியைத் தோழி கேட்டுச் சரி சொன்ன பிறகே வீடியோவை அனுப்புகிறோம். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். வேலையை எங்களிடமிருந்து எடுக்கவில்லை. அண்ணனும் காதைச் சோதித்துக்கொண்டான். அவனுடையது என்னுடையதைவிட மோசம். இப்போது காதுக் கவசம் மாட்டிக்கொண்டு தறி ஓட்டுகிறான். நூல் அறுந்தால் தறிச் சத்தம் மாறுவது தெரியவில்லை என்று முதலில் திட்டினான். அண்ணியையும் அது இல்லாமல் தறிக்கூடத்துக்குள் அவன் விடுவதில்லை.