லித்தியமும் ஆறு நாள் சஷ்டியும்

இங்கே நோர்வேயில் மனநலக் கிளினிக்கிலிருந்து வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: "செவ்வாய்க்கிழமை, 10.15. மருந்து தொடங்குவது பற்றிய சம்தாலே." சம்தாலே என்றால் நோர்வேஜிய மொழியில் உரையாடல். கடிதம் கிடைத்த நாளை வழக்கம்போல் மூலையில் பென்சிலால் குறித்துவிட்டு, விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வைத்தியர் மருந்துத் துண்டு எழுதுவார். நாங்கள் மருந்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்போம். குடிக்க விருப்பமா என்று கேட்ட வைத்தியரை முல்லைத்தீவில் நான் கண்டதில்லை.

அறையில் வைத்தியரும், என்னைச் சில வாரங்களாகப் பார்த்துவரும் தாதி மாரித்தும் இருந்தார்கள். எனக்கு இருப்பது இருதுருவ மனநிலைக் கோளாறு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். லித்தியம் தொடங்கலாம் என்றார் வைத்தியர். இரத்தம் சோதிக்கவேண்டும், கை நடுங்கலாம், உப்பும் தண்ணீரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கவேண்டும். உணவுக் கட்டுப்பாடு ஏதும் உண்டா என்று மாரித் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, விரதத்தை உணவோடு சேர்த்து நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அப்பாவைச் சொன்னேன். சில மாதங்கள் பகல் முழுதும் கிணறு வெட்டுவார், விதைநெல்லைக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார். பிறகு மாரிமழைக் காலம் முழுக்கப் பாயை விட்டு எழும்பமாட்டார். ஆனாலும் கந்தசஷ்டி ஆறு நாளும் உப்பில்லாமல் இருப்பார், என்னைப்போல. அதைச் சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே தெரிந்தது.

வைத்தியர் பேனையை வைத்தார். "தண்ணீர்?"

"பின்னேரம் ஒருமுறை."

அப்படி இருந்தால் லித்தியம் இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம் என்றார். விரதத்தை மாற்றலாம், அல்லது வேறு மருந்தைப் பார்க்கலாம், சேர்ந்து யோசிப்போம் என்றார். அவர் முடிவு சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து முள்ளியவளையில் இருக்கும் அக்காவுக்கு அழைத்தேன். அப்பாவுக்கு இருந்தது என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"என்ர பெட்டைக்குக் கலியாணம் பேசுற நேரத்தில உந்தக் கதையை ஏன் எடுக்கிறாய்?"

எனக்கும் வந்திருக்கிறது என்றேன். அதன் பிறகுதான் அவள் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில அவருக்கு ஒரு வெள்ளைக் குளிசை குடுத்தவங்கள், தம்பி. கை நடுங்கித் தேத்தண்ணி சிந்தும். விரதத்தில மருந்து குடிக்கக்கூடாதெண்டு ஒரு சஷ்டிக்கு விட்டவர். பிறகு தொடவே இல்லை."

அந்த மாரிகாலம் எனக்கு நினைவிருக்கிறது. கிணறு பாதியில் நின்றது, அவர் பிறகு வயலுக்கு இறங்கவேயில்லை.

"நீ அங்க குளிசையைக் குடி," என்றாள் அக்கா. "உனக்கும் சேத்து இஞ்ச நான் விரதம் பிடிக்கிறன். முருகன் கணக்குப் பார்க்கமாட்டார், நீதான் பார்ப்பாய்."

மாரித்துக்கு எழுதிவிட்டேன்: லித்தியம் தொடங்குகிறேன், சஷ்டிக்கும் உப்புப் போட்டுச் சாப்பிடுவேன். இனி என் விரதம் முள்ளியவளையில் நடக்கும், என் இரத்தம் இங்கே அளக்கப்படும். அப்பா குடித்ததும் லித்தியம்தானா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. அவருடைய மருந்துகள் எழுதியிருந்த கிளினிக் கொப்பி யுத்தகால இடப்பெயர்வில் தொலைந்தது. வெள்ளைக் குளிசை என்பது அக்காவின் ஞாபகம் மட்டுமே.