கிளச் மிதிக்குப் பதின்மூன்று கிலோ

என் நோட்டில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "செவ்வாய், காலை 9.20. மறையூர் தாண்டி மூன்றாவது வளைவு. எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய நாற்றம். மீட்டர் 61,448."

அப்போது காரில் நானும் என் தம்பியும் இருந்தோம். மூன்றாவது ஆளுக்கு அதில் இடமும் கிடையாது. முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் தம்பி, நல்ல காய்ப்பு கண்ட ஒரு வருடத்தில், கோயம்புத்தூரில் யாரோ ஓட்டி அலுத்த அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். சிவப்பு நிறம், தரையை உரசுகிற உயரம். அதை வாங்கி ஒன்றரை வருடத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கை பாதி திரும்பியது. இடது கால்தான் பின்தங்கிவிட்டது. தோப்பையும் வியாபாரத்தையும் அவன் மனைவி பார்த்துக்கொண்டாள். அவனைப் பார்த்துக்கொள்ள நான் மூணாறிலிருந்து வந்தேன். எஸ்டேட் பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கு வேறு வேலை இல்லை என்று எல்லோருமாக முடிவு செய்திருந்தார்கள்.

நின்றே கிடந்தால் வண்டி கெட்டுவிடும் என்று மாதம் ஒரு முறை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து மூணாறு வரை நானே ஓட்டினேன். அன்று மறையூரில் நின்றுபோன காரை ஒரு லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, கொல்லங்கோட்டுச் சாலையில் இருக்கும் பட்டறையில் இறக்கினோம்.

கியர்பாக்ஸைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. மெக்கானிக் கிளச் தட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். லைனிங் முழுக்கத் தேய்ந்து ஆணித்தலைகள் தெரிந்தன. அது உரசி நின்ற எஞ்சின் சக்கரத்தில் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்புகள்.

"ஏனுங்க்கா, வண்டிய ஓட்டுனது யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து தம்பி சொன்னான்: "எங்க அக்காதான். அவளுக்கு ஹேண்ட்பிரேக்குன்னா பை மாட்டுற கொக்கி."

பொய்யில்லை. நான் ஓட்டக் கற்றது என் வீட்டுக்காரரின் ஜீப்பில். அதில் ஹேண்ட்பிரேக் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் பிடியில் என் சாப்பாட்டுப் பை தொங்கும். எஸ்டேட் பாதையில் ஏற்றத்தில் ஆள் ஏற்ற நின்றால், கிளச்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து வண்டியை அப்படியே பிடித்து வைப்பது வழக்கம். ஓரங்குலம் பின்னால் போகாமல் நிறுத்துபவருக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதிக நேரம் நிற்க வேண்டுமென்றால் யாராவது குதித்து டயருக்குக் கல் வைப்பார்கள். சுற்றுலா பஸ்களுக்குப் பின்னால் மலை வளைவில் நிற்கும்போதெல்லாம் இந்தக் காரையும் நான் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தேன். பழைய சொந்தக்காரர் தந்த பில்லின்படி 47,900இல் கிளச் புதிது. அதற்குப் பிறகு வண்டி ஓடியது பதின்மூவாயிரத்துச் சொச்சம். அதில் நாலாயிரம் என்னுடையது.

"ஒரு கிளச்சு எழுவது எம்பதாயிரம் கிலோமீட்டர் வரோணுமுங்க" என்றார் மெக்கானிக், என் முகத்தைப் பார்க்காமல்.

மாற்றுக்கு மூன்று வழிகள் இருந்தன. பழைய தட்டுக்கே கோயம்புத்தூரில் புது லைனிங் ஒட்டி வாங்கலாம். இந்த எஞ்சினுக்கு அது தாங்காது என்று மெக்கானிக் அதை முதலிலேயே தள்ளிவிட்டார். இரண்டாவது, வண்டியோடு வந்த அதே வகை. மூன்றாவது, பந்தயம் ஓட்டுகிறவர்கள் போடுவது. அதன் அழுத்தத் தட்டு கடினமானது. சூட்டை அதிகம் தாங்கும், ஆனால் மிதியும் இறுகிவிடும். பாகம் விற்கும் கடைகளுக்குப் போன் போட்டு விசாரிப்பதிலேயே மூன்று வாரம் போனது. தட்டின் விட்டம், நடுத்துளையின் பல் எண்ணிக்கை, சேஸிஸ் நம்பர் என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள், ஒவ்வொரு முறையும் வேறு குரல். நோட்டைப் பார்த்து வாசித்து வாசித்து, கடைசியில் அந்த நம்பர் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"அக்கா ஓட்டுற ஓட்டுக்குக் கனமானதவே போட்டுப்போடலாமுங்க" என்றார் மெக்கானிக், பந்தய வகையைச் சொல்லி.

"அதையே போடுங்க" என்றான் தம்பி. "நான் என்ன ஓட்டவா போறேன்?"

சர்க்கரை இல்லாமல் டீ கேட்பது போல அதைச் சொன்னான். மெக்கானிக் குனிந்து ஒரு துணியைத் தேடினார். அன்றைக்கு விவாதிக்கிற தெம்பு எனக்கில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் வேறொரு பக்கத்தைப் புரட்டினேன். எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது காலால் அதை அழுத்தச் சொல்லியிருந்தார் ஃபிசியோதெரபிஸ்ட். திங்கள், புதன், வெள்ளி. முள் காட்டுவதை நான் எழுதுவேன். ஆரம்பத்தில் நாலு கிலோ. அந்த வாரம் ஒன்பது. சில நாள் அலுப்பில் நான் குனிந்து பார்க்காமல் அவனையே கேட்பேன். "பதினஞ்சு" என்பான். அந்த நாட்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மறுநாள் பாகம் விற்பவரைக் கூப்பிட்டு, மிதியை அழுத்த எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு விசாரித்துச் சொன்னார்: வண்டியோடு வந்த வகைக்குப் பதின்மூன்று இருக்கும், கனமானதற்கு இருபத்து நாலுக்குக் குறையாது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்கு நாலு. இருபத்து நாலுக்குப் பதினைந்து. இந்தக் கழித்தலை நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

பதின்மூன்றையே வரவழைக்கச் சொல்லிவிட்டேன். தம்பிக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

"ஏங்க்கா, மறுபடியும் கருக்கவா?"

"கருக்க மாட்டேன். இனிமே ஹேண்ட்பிரேக் போட்டுப் பழகுறேன்."

"அறுவத்திரண்டு வயசுலயா?"

"நீ கால் பழகலையா, நான் கை பழகுறேன்."

"வாத்தியாரம்மாட்ட வாய் குடுத்தது என் தப்பு" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

கிளச் மாட்டிய பிறகு மெக்கானிக் சாலையில் ஓட்டிப் பார்த்து, தோப்புக்கே கொண்டுவந்து வண்டியைக் கொடுத்தார். மீட்டர் 61,460. தோப்புக் கொட்டகையில் காரை நிறுத்தி, மிதிக்கும் என் காலுக்கும் நடுவில் எடை மெஷினைச் செருகி அழுத்தினேன். பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கிணற்றடி மேட்டில் மூன்று நாள் ஹேண்ட்பிரேக் பழகினேன். வண்டி ஐந்து முறை அணைந்தது. மணிக்கட்டு வலித்தது. சாலையில் ஓட்டத் தம்பிக்கு டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். தோப்புக்குள் ஓட்டுவது பற்றி அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று பஸ்ஸில் மூணாறு போய் நாலு நாள் இருந்தேன். கிளம்பும்போது மீட்டர் 61,462. திரும்பி வந்து பார்த்தபோது 61,463.

கொட்டகையிலிருந்து கிணற்றடி போய்த் திரும்பினால், என் நடைக் கணக்கில், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி மனைவி அந்த நாலு நாளும் லாரிக்கு மாங்காய் ஏற்றும் இடத்தில் இருந்திருக்கிறாள்; அவளுக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கைக் கேட்டேன். "ஆயில் கசியுதான்னு பாக்க ஒருக்கா வந்தனுங்க்கா. வண்டிய எடுத்தனா இல்லையான்னு நெனப்பில்லீங்க." தம்பியைக் கேட்டேன். "இதையும் எழுதிட்டியா?" என்றான். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் கால் காட்டியது பதினொன்றரை. குனிந்து நானே பார்த்தேன்.

அந்த ஒரு கிலோமீட்டரை ஓட்டியது யார் என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.