கொள்ளிடத்துக்கு அந்தாண்ட போகாத பூனை

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் ஒரு சோபா வாங்கிக் கொடுத்தான். மெரூன் துணி, உட்கார்ந்தால் ஆளையே உள்ளே வாங்கிக்கொள்ளும் மெத்தை. என் வீட்டுக்காரர் அதில் உட்காரவே கூச்சப்பட்டார். என் பூனைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சோபா வந்த அன்றைக்கே அதன் கைப்பிடியில் முன்னங்கால்களை ஊன்றி, முதுகை நெளித்து, பறட் பறட்டென்று கீறிவிட்டுத்தான் இறங்கியது.

மகன் திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போன சமயத்தில், மழையில் நனைந்து வந்து அடுப்படியில் ஒண்டிய பூனை அது. வீட்டுக்காரர் விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார். நானோ வாய் ஓயாதவள். நான் பேசப் பேசப் பதிலுக்குக் குரல் கொடுக்க வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் அவர், "இன்னொரு தடவ சோபாவைக் கீறட்டும், உன் பூனையைச் சாக்குல கட்டிக் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடுறேன்" என்றபோது பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையை அப்படித்தான் விடுவார்கள். வழி தெரியாமல் சாக்கில் கட்டி, ஆற்றையும் தாண்டிவிட்டால் அது திரும்பி வராதாம்.

"சோபா வேணும்னு நான் கேட்டேனா?" என்று கத்தினேன்.

"மாசிக் கடைசியில தம்பி வர்றான். அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்கு அதுதான் பயம்.

அப்புறம் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. எலுமிச்சம் தோலைத் தேய்த்தேன். பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு பக்கத்தைக் கீறியது. பாச்சை உருண்டை போட்டேன். வீட்டுக்காரர்தான் நாள் முழுக்கத் தும்மினார். கையில் தண்ணீர் பாட்டிலோடு காவல் இருந்து பீய்ச்சியதில் மெத்தை நனைந்ததுதான் மிச்சம். கடைசியாக, மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பெண்ணெயைத் தடவினேன்.

தை மாதம், சரியாக அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை நெல்லை எங்கே வைப்பது? மூட்டை கட்டிக் கூடத்துக்குள்ளேயே அடுக்கினோம். சோபாவைச் சுற்றிலும் மூட்டைகள், டிவி பார்க்கவே கழுத்தை எக்க வேண்டியிருந்தது. ஆனால் பூனை சோபாவைத் தொடவேயில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "வேப்பெண்ணெய் போதும்க்கா, வேற ஒண்ணுமே வேணாம்" என்று பெருமையடித்தேன். ஒன்றிரண்டு மூட்டைகள் அடிப்பக்கம் பொத்தலாகி நெல் சிந்திக் கிடந்தது. எலியை வாயாரத் திட்டிக்கொண்டே பெருக்கி அள்ளினேன். "பூனை வளக்கிற வீட்டுல எலியா? நல்லாருக்குடி உன் பூனை" என்று அவர் சிரித்தார்.

வெயில் வந்தது, முறையும் வந்தது. மூட்டைகளெல்லாம் டிராக்டரில் ஏறிப் போயின. மறுநாள் காலையில் நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் பறட் பறட் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வேப்பெண்ணெய் நாற்றத்தின் மேலேயே நின்றுகொண்டு கைப்பிடியைப் பஞ்சு தெரியக் கிழித்திருக்கிறது.

அவர் கொல்லைப்பக்கம் போய் ஒரு காலிச் சாக்கை எடுத்துவந்து, உதறி, தரையில் விரித்தார். பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பூனையைப் புடி" என்றார்.

"நீங்களே புடிச்சுக்குங்க" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பால்சோறு வைக்கவாவது விட்டாரா மனுஷன்!

பூனையை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. சாக்கின் மேல் ஏறி நின்று, முன்னங்கால்களை நீட்டி, கண்ணைச் சொக்கிக்கொண்டு கீற ஆரம்பித்தது. சோபாவில்கூட அத்தனை ஆனந்தமாக அது கீறி நான் பார்த்ததில்லை. சணல் பிசிறு பறந்தது.

பெருக்கி அள்ளிய நெல் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"என்னங்க, எலி இல்லீங்க! மூட்டையைப் பொத்தலாக்கினது இதுதான்! சாக்கு இருந்த வரைக்கும் சோபா பக்கமே போகல பாருங்க. வேப்பெண்ணெயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

அவர் பூனையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடி கள்ளி" என்றார். என்னையா பூனையையா தெரியவில்லை.

பைக் சாவி மறுபடி ஆணிக்குப் போனது. வீடு கட்டி மிஞ்சிய சவுக்குக் கட்டை ஒன்றை எடுத்து, அதே சாக்கைச் சுற்றி, கயிற்றால் இறுக்கி, கிழிந்த கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். கிழிசல் மேல் நான் ஒரு தலையணையைச் சாத்தினேன். மாசியில் வந்த கொழுந்தன் அதில் சாய்ந்துகொண்டு, பூனை கட்டையைக் கீறுவதை போனில் படம் பிடித்தான். தலையணையை அவன் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது.

குறுவை அறுப்பிலும் மழை வந்தது, மூட்டைகள் மறுபடி கூடத்தில் ஏறி இறங்கின. ஏற்ற வந்த ஆட்களில் ஒருவர் கிடக்கிற சாக்கையெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்து, ஜன்னலோரக் கட்டையில் சுற்றியிருந்ததையும் அவிழ்க்கப் போனார். டிராக்டர் மேல் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"யப்பா, அதத் தொடாதீங்க! அது எங்க வீட்டுப் பூனையோடது!"