சிஸ்டரின் கார் மேலே ஏற வேண்டும்

குடியிருப்பின் அடித்தள பார்க்கிங்கில் இருந்த வண்டிகள் எல்லாம் வெளியேறிவிட்டன, சிஸ்டருடையதைத் தவிர. தூண்களில் விரிசல் கண்டதால் அந்த இடத்தை மண் கொட்டி மூடப் போகிறார்கள். தொழிலாளர்கள் சாப்பிட்டு எழுந்ததும் வேலை தொடங்கிவிடும்.

கூரை தாழ்வு என்பதால் இழுவை லாரி உள்ளே வராது. மேலே போகும் சரிவு நடுவில் வளைவதால் கயிறு கட்டி இழுக்கவும் வழியில்லை. "தானா ஏறினா ஏறட்டும். இல்லேன்னா வெட்டித்தான் எடுத்துட்டுப் போகணும் சிஸ்டர்" என்று சூப்பர்வைசர் மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை வார்டைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அந்த அம்மா. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். வீட்டுக்காரர் இருந்தவரை, விருந்தாளி முன்னால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். உருண்டை விளக்குகள் வைத்த இந்தப் பழைய கார் ஒரு டாக்டரிடமிருந்து கைமாறியது. டியூட்டிக்குப் போனதெல்லாம் இதில்தான். முட்டி ஆபரேஷனுக்காக நிறுத்தினார். முட்டி சரியான பிறகும் நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

பழுது பார்க்க வந்தவர் கொழுந்தனார், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். நாறிப்போன பெட்ரோலை இறக்கி, பிரேக்கைச் சரிசெய்து, பேட்டரி மாற்றி, டேங்கை நிறைத்திருந்தார். காலையில் இன்ஜின் உறுமியது. வளைவு வரை போய் இருமிவிட்டு நின்றது. சிஸ்டர் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள, அவர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். பின்னால் இறக்கி, சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றார்கள். அதே வளைவு, அதே இருமல்.

"பம்புதான் அண்ணி. ரப்பர் புதுசு போட்டும் பெட்ரோலை இழுக்க மாட்டேங்குது."

"நேத்து ஓடுச்சே."

"நேத்து நின்ன இடத்துல கொஞ்ச நேரம் ஓடுச்சு. இது மேடு. மேடு ஏறினா நமக்கே மூச்சு வாங்குதுல்ல?"

"எனக்கு வாங்கல. உங்களுக்குத் தொப்பை."

அவர் சிரிக்கவில்லை. மேலே தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் வளைவில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொழுந்தனார் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டார். "இப்ப சாவியைத் திருப்புங்க."

பம்பு துடித்தது. பெட்ரோல் பீய்ச்சி அடிக்கவில்லை. சொட்டியது. அப்புறம் சொட்டும் நின்றது.

"பம்பு போச்சு" என்றார் அவர். "புதுசு வாங்க இப்ப எங்க போறது?"

சிஸ்டர் இறங்கி வந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டுகளைப் பார்த்தே கழிந்த வாழ்க்கை அது. கண்ணாடி பாட்டிலில் குளுகோஸ் ஏற்றிய காலத்தில், சொட்டு நின்றால் நோயாளியின் கையைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலின் மூடியைப் பார்ப்பார். காற்று உள்ளே போக ஒரு தனி ஊசி குத்தியிருக்க வேண்டும். அது அடைத்திருந்தால் மருந்து இறங்காது.

"டேங்குக்குள்ள காத்து எப்படிப் போகும்?"

"மூடியில சின்னதா ஒரு துளை இருக்கும் அண்ணி, அது வழியா..."

இருவரும் காரின் பின்பக்கம் போனார்கள். டேங்க் மூடியின் நடுவில், அதே அழுக்கு நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. ஓரம் தூக்காமல், சுருக்கம் விழாமல், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு.

"எறும்பு போயிடக் கூடாதேன்னு..." என்றார் சிஸ்டர். "ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒட்டினேன்."

"மூடி விரிசல் விட்டிருக்கும், அதான் ஒட்டியிருக்கீங்கன்னு நான் நினைச்சேன்."

அவர் மூடியைத் திருகினார். டேங்க் 'ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது.

பிளாஸ்திரி நகத்துக்கு மசியவில்லை. "என்ன கட்டு அண்ணி இது. பிரிக்க டாக்டரைத்தான் கூப்பிடணும்."

"பேசாம பெட்ரோலைத் தொட்டுத் துடைங்க. தானா வரும்."

வந்தது. பின்னூசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து மூடியைப் போட்டார். குழாயை மாட்டினார். மேலே மண் லாரி வந்து நின்று உறுமியது. சிஸ்டர் ஏறிச் சாவியைத் திருப்ப, பேட்டரி முனகியது. ஒருமுறை, இன்னொருமுறை. இன்ஜின் பிடித்தது.

வளைவு வந்தது. சிஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கொழுந்தனாருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இருமல் வரவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது.

சூப்பர்வைசர் லாரியை ஓரம் கட்டச் சொன்னார். கொழுந்தனார் கட்டையோடு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"இன்ஜினை நிறுத்திடாதீங்க அண்ணி. நேரா எங்க வீட்டு வாசலுக்கு விடுங்க."

"சிக்னல் வந்தா?"

"வந்தா என்ன, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்காதீங்க."

முதல் சிக்னலே சிவப்பாக இருந்தது. சிஸ்டர் காரை நிறுத்தினார். நின்றதும் வலது கால் ஆக்சிலேட்டருக்கே திரும்பியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"இறங்கி அந்த மூடிகிட்ட காதை வெச்சு, காத்து உள்ள போகுதான்னு பாருங்களேன்" என்றார் சிஸ்டர்.

"நடு ரோட்டுலயா?"

"நடு ரோட்டுலதான்."

கொழுந்தனார் கதவைத் திறந்து இறங்கினார்.