ஆப்பிரிக்கா மருளுக்கு ஊற்றிய பால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஞாபகமும் முன்னே பின்னே ஆகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்த புதிது. எங்கள் மாடியறையில் ஏனாத்தூர் கல்லூரியில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்த பெண் குடியிருந்தாள். அவளிடம் தொட்டியில் ஒரு ஆப்பிரிக்கா மருள் இருந்தது. நம் வேலியோர மருளுக்குச் சொந்தம்தான். ஆனால் இலைகள் விசிறி விரித்தாற்போல, கட்டைவிரல் தடிமனில், உடம்பெல்லாம் பாம்புவரி. ஆப்பிரிக்காவிலேயே ஒரு மலைப்பக்கம்தான் முளைக்குமாம்.

ஆடியில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் புறப்பட்டவள் தொட்டியை என்னிடம் கொடுத்தாள். "நான் வர்ற வரைக்கும் தண்ணியே வேணாங்க்கா. ஈரம் நின்னா அழுகிடும். இது போச்சுன்னா என் படிப்பே போச்சு."

பட்டுக்கு ஈரம் ஆகாதென்று தறிக்கூடத்தில் தண்ணீர் புழங்க மாட்டோம். அங்கே தெரு ஜன்னலில் வைத்தேன். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த எதிர்வீட்டு அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

"நாகாத்தா உன் வூட்டுக்கே வந்துக்கிறாடி!" என்று கம்பி வழியாக மிச்சப் பாலை ஊற்றி மஞ்சளும் வைத்தாள். தடுக்காமல் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த வெள்ளி அவளோடு நாலைந்து பேர் வந்தார்கள்.

மண் புளித்து நாறியது. ஓர் இலை கையோடு வந்தது. அன்றைக்கே பூத்துக்கு அவளிடமிருந்து போன். "செடி எப்படி இருக்குதுக்கா?"

"இருக்குதும்மா" என்றேன். போனை வைத்துவிட்டு வந்தேன்.

தறியிலிருந்தபடியே என் வீட்டுக்காரர் கேட்டார்: "சாமிக்கும் பயம், எதிர்வூட்டுக்கும் பயம். அந்தப் பொண்ணு வந்து நின்னா என்னா சொல்லுவே?"

செடியைப் பிடுங்கி, அழுகலை அறுத்து, விதைச் சேனைக்கிழங்குக்குத் தடவுவதுபோலச் சாம்பல் தடவி, காய்ந்த பாலாற்று மணலில் நட்டேன். மறு வெள்ளி செம்போடு வந்துவிட்டார்கள். தொட்டியைக் கையால் மறைத்தேன்.

"ஊத்தாதீங்கக்கா."

"சாமிக்குப் பால் வேணாம்னு சொல்ல நீ யாருடி?"

"பெருமாள் கோயில்ல தளிகைச் சோத்தை சாமிக்குக் காட்டிட்டுத்தானே எடுக்கிறாங்க? இதுக்கும் காட்டிட்டு எடுத்துக்கினு போங்க."

"ஊமை பேசிடுச்சுடி!" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாலைக் காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள்.

ஊரிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. விரலால் மணலை விலக்கினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேர் விட்டிருக்குக்கா."

அந்தச் செடியின் பெயரைப் பலமுறை சொன்னாள். என் வாயில் நிற்கவில்லை. அந்த மலை எந்த நாடு, சாம்பல் தடவியது சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.