கூரையைப் பிரித்த நாள்

எங்கள் தெருமுனையில் ‘வீடு லீசுக்கு’ என்று ஓர் அட்டை தொங்குகிறது. திண்டுக்கல்லில் அதற்குப் பொருள் எளிது: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது தொகை கைக்கு வந்துவிடும். நான் பிறந்து வளர்ந்த கொடைக்கானலில் இதே சொல் எங்களை வேறுவிதமாக நடத்தியது.

அங்கே எங்கள் வீட்டைக் கட்டியது என் அத்தாவைப் பெற்ற அத்தா. மண் மட்டும் பெரியகுளத்துக்காரர் ஒருவருடையது. லீசுப்படி குத்தகை கட்டிக்கொண்டு குடியிருக்கலாம். கெடு முடிந்தால் மண்ணை விட்டுவிட வேண்டும். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த அத்தா, “செவரு நம்மளது, தரை அவங்களது” என்பார். நான் அதை அப்படியே நம்பி, கட்டிலிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து வாசற்படிக்கும் தாவித்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். அடுத்தவர் தரையை மிதிக்கலாமா? முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் கெடு முடிந்தது. பெரியகுளத்துக்காரரின் மகன் வந்தார். மரியாதையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“புதுப்பிச்சுக் குடுங்க தம்பி. கூடக்கொறைய கேளுங்க, தாரேன்” என்றார் அத்தா.

“காட்டேஜ் கட்டப்போறோம் பாய். கட்டடத்துல எது வேணும்னாலும் கழட்டிக்கிட்டுப் போங்க.”

“நம்ம கையாலயா பிரிக்கணும்? அவங்களே இடிச்சுக்கட்டும்” என்றாள் அம்மா. அத்தா கேட்கவில்லை. கதவு, ஜன்னல் என்று எல்லாவற்றையும் கழற்றினார். கடைசியாகக் கூரைத் தகரம்.

அன்றைக்கும் அம்மா அதே அடுப்படியில்தான் சோறும் ஆணமும் ஆக்கினாள். மத்தியானம் மேகம் சுவரேறி உள்ளே இறங்கியது. எது புகை, எது மேகம் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவே தெரியவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கூடத்துப் பக்கமிருந்து அத்தா அழுகிற சத்தம். அதுவரை நான் கேட்டிராத சத்தம்.

“வெரசா சாப்புட வாங்க, ஆறிப்போயிரும்” என்று அம்மா குரல் கொடுத்தாள், ஒன்றுமே காதில் விழாதவள் போல.

திண்டுக்கல்லில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டு நிலைக்கு எங்கள் கதவுகள் பொருந்தவில்லை. சுவரோரம் சாய்ந்து கிடந்தே வெயிலில் வெடித்தன. இங்கே யாருக்கு வேண்டும் ஸ்வெட்டர்? அத்தா ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றார். அதன் பிறகு அதிக நாள் உயிரோடு இல்லை.

போன கோடையில் அம்மாவைக் கொடைக்கானல் கூட்டிப்போனேன். எங்கள் இடத்தில் உயரமான காம்பவுண்டு, இரும்பு கேட். அக்கம்பக்கத்து வீடுகளும் காட்டேஜ்களாகி இருந்தன. காவல்காரர், “ரூம் புக் பண்ணிருக்கீங்களா?” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். “ஒரு ராத்திரி தங்கிக்கிருவமா?”

நான் கேட்டேன். “சீசன் நேரம்மா, எல்லாம் ஃபுல்லு. மழைக்காலத்துல வாங்க, காலியாத்தான் கெடக்கும்” என்றார் அவர்.

மழைக்காலம் வந்தபோது அம்மா இல்லை.