பஞ்சாலை தோண்டிய காட்சியகம்

மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள் பஞ்சாலை. ஜப்பான்காரன் வந்தபிறகு ரப்பருக்கு மதிப்பில்லை. தாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டு வயிற்றைக் கழுவினார்கள். 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏறிப்போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மொரிதா வந்தார். ஜப்பானில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். பட்டாளத்தில் சேர்த்து, சிரம்பானில் உள்ளூர்ப் பழமைக்கு ஒரு காட்சியகம் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். கட்டடம் கிடைத்துவிட்டது, கண்ணாடிப் பெட்டிகளும் தயார். உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை. தோட்டம் தோட்டமாகப் பழைய கல்லைத் தேடி அலைந்தார். மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சின்னத்துரை கூடவே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். மொரிதாவுக்கும் அது கொஞ்சம் தெரியும்.

பஞ்சாலை வீட்டு வாசலில் உடைந்த அம்மி ஒன்று கிடந்தது. அவள் மாமியார் நாமக்கல்லிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. மொரிதா அதன்முன் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார்.

"இது எங்க கிடைச்சது எண்டு கேக்கிறார்," என்றார் சின்னத்துரை.

திருட்டுப் பொருள் என்று நினைக்கிறார்களோ என்று பஞ்சாலைக்குப் பயம். "கெழங்கு தோண்டையில மண்ணுக்குள்ள இருந்துச்சுங்கய்யா."

மொரிதாவின் முகம் மலர்ந்தது. அங்கேயே தோண்ட வேண்டும், எத்தனை ஆள் தேவைப்படும் என்று கேட்டார். லயத்தில் அப்போது ஆண்கள் பன்னிரண்டு பேர், அவள் புருஷன் மாயாண்டியையும் சேர்த்து.

"பன்னெண்டு பேரு வேணுங்க," என்றாள்.

இந்தப் பன்னிரண்டு பேரை வேறு வேலைக்கு எடுக்கக்கூடாது என்று சிவப்பு முத்திரை குத்திய கடுதாசி வந்தது. பத்தாம் நாள் லோரியும் வந்தது. ஆள் பிடிக்க வந்த சிப்பாய் கடுதாசியைப் படித்தான், விறைத்து நின்று சல்யூட் அடித்தான், அடுத்த தோட்டத்துக்குப் போனான். அங்கே யாரிடமும் கடுதாசி இல்லை.

ஆனால் தோண்டினால் ஏதாவது வர வேண்டுமே. இரண்டு வாரம் மண்ணும் வேருமாக வந்தது. மொரிதாவின் முகம் வாடியது. அவர் சோர்ந்துபோனால் என்ன ஆகும் என்று பஞ்சாலைக்குத் தெரியும். அன்றிலிருந்து புதைக்கத் தொடங்கினார்கள். கள்ளுக்கடை மொந்தை, சீனன் வீசிய ஜாடித் துண்டு, சக்கையாகத் தேய்ந்த ஆட்டுக்கல். புதைத்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு மழை பெய்யவிட்டு, மொரிதா வரும் நாளில் வியப்போடு தோண்டி எடுப்பார்கள். மாயாண்டிக்கு வியப்பு சரியாக வராது. அவனை மண் சுமக்க விட்டாள்.

சின்னத்துரைக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. காட்டிக்கொடுக்கவில்லை. இவர்கள் "ரொம்பப் பழசுங்க" என்றால் அவர் "குறைந்தது ஆயிரம் வருடம்" என்று இங்கிலீஷில் சொன்னார். மொரிதா கட்டுரை எழுதினார்: பழங்காலத்தில் தமிழர்கள் கடல் கடந்து, சமையல் கல்லையும் சுமந்துகொண்டு இங்கே குடியேறினார்கள். காலக் கணக்கைத் தவிர அதில் ஒரு பிழையும் இல்லை.

ஒருநாள் பன்னிரண்டு பேரில் ஒருவனான அர்ச்சுனனின் மண்வெட்டியில் ஏதோ மோதியது. பச்சை பூத்த வெண்கல மணி. உடம்பெல்லாம் சுருள் சுருளாக வேலைப்பாடு.

"யாரு பொதைச்சது இத?" என்றாள் பஞ்சாலை.

ஒருவரும் இல்லை. அர்ச்சுனனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நெசமாவே பழசு அக்கா! மொரிதா கையில குடுத்தா நமக்கு அரிசி கிடைக்கும்லா!"

"கிடைக்கும். அப்புறம் படிச்சவனுங்க பத்துப் பேரு தோண்ட வருவானுங்க. நீங்க எதுக்கு அப்ப? சயாமுக்குத்தான்."

பன்னிரண்டு பேரும் குழியை ஆழமாக்கினார்கள். அந்தத் தோட்டத்தில் கிடைத்த ஒரே உண்மையான பழம்பொருள் திரும்ப மண்ணுக்குள் போனது. அன்று மாலை மொரிதாவுக்கு ஒரு பானை மூடி கிடைத்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார்.

போர் முடிந்தது. மொரிதா கைதியாகப் போனார். ஜப்பானுக்கு உதவியவர் என்று சின்னத்துரையையும் வெள்ளைக்காரர்கள் பிடித்து உள்ளே வைத்தார்கள். சாட்சி சொல்ல பஞ்சாலை சிரம்பானுக்கு நடந்தாள். விசாரித்த அதிகாரி முன்பு தோட்டத்துரையாக இருந்து தமிழ் கற்றவர்.

"இந்தக் கிராணி ஜப்பான்காரனுக்கு என்ன வேலை செஞ்சான்?"

"பொய் சொன்னாருங்க தொர," என்றாள் பஞ்சாலை. "ரெண்டு வருசமா வாயத் தொறந்தா பொய்தான். அந்தாளுக்கு ஒரு உண்மைகூடச் சொன்னதில்லீங்க."

அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்களும் வரிசையாக வந்து, கிராணி மகா பொய்யர் என்று சத்தியம் செய்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த சின்னத்துரைக்கு முகம் சிவந்திருந்தது. "என்னைக் காப்பாத்த உனக்கு வேற வார்த்தை கிடைக்கேல்லையே? என்ர மனுசி திலகம் அழுறாள், இனிக் கோயிலுக்கு எப்பிடிப் போறது எண்டு."

"வேற என்னத்தங்கய்யா சொல்றது?" என்றாள் பஞ்சாலை. "நீங்க செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதானே."

அதன்பிறகு இரண்டு மாதம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டு முடித்தபிறகுதான் அவர் அவள் பெயரைக் கூப்பிட்டார்.